கம்பிக்குக் கீழே தாபூத்து

9 ஜூலை 1958, புதன்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட மல்லி பாதி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. கொழுந்தன் பெண்டாட்டி சபியா முறத்தோடு போய்க் கேட்டு வாங்கி வந்தாள். அவர்கள் வீட்டு மல்லியும் கொஞ்சம் கூட வந்திருக்கும் போல.

டயரி எழுதி மூன்று மாதமாகிறது. ஜவுளிக்கடையில் வருஷா வருஷம் அவருக்கு ஒன்று கொடுப்பார்கள். அவருக்கு எழுதும் பழக்கமில்லை. "இந்தா ஜுலைகா, உன் புஸ்தகம்" என்று கொண்டுவந்து தந்துவிடுவார். யார் வந்தார், யார் போனார், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல், இதெல்லாம்தான் எழுதுவேன். இந்த வருஷம் ஏப்ரலோடு நிற்கிறது. நோன்பு மாதக் கடைசியில் அவர் மௌத்தானார். அதற்கப்புறம் எல்லாம் வெற்றுப் பக்கம்.

புருஷன் போனவள் இருக்கிற இத்தா முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். வாசல் தாண்டக்கூடாது. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எனக்கு மாடி அறை, ஒரு சன்னல், அதில் ஒரு மூங்கில் தட்டி. தட்டி இடுக்கில் தெரிகிற அளவுதான் இப்போதைக்குத் திருச்சி. கொஞ்சம் சந்து, கொஞ்சம் வானம், காற்று தட்டியைத் தூக்கினால் மலைக்கோட்டையில் ஒரு துண்டு.

சன்னலுக்கு எதிரே லைட்டுக் கம்பம். மூன்று வருஷம் மனு மேல் மனு கொடுத்து அவர் வாங்கிய லைட்டு. கம்பம் நட்டது மே மாதம், எரிந்தது ஜூன் மாதம். அவர் பார்க்கவில்லை. சந்தில் எல்லோரும் "காதர் பாய் லைட்டு" என்கிறார்கள். நேற்றுக் கீழே ஒரு பெண் குரல்: "காதர் பாய் லைட்டுகிட்ட வெளிச்சமா இருக்கும், அங்க உக்காந்து பாரு முள்ளை." யார் காலில் முள்ளோ.

சபியா மகளுக்கு இருமல். கற்பூரவல்லி.

13 ஜூலை, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் மண்.

காலையில் ரஜாக் திரைக்கு அந்தப் பக்கம் நின்று "அண்ணி, ஏதாச்சும் வாங்கணுமா?" என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். போய்விட்டான். அவ்வளவுதான் அவன் பேச்சு. ரஜாக் அவருடைய தம்பி, சபியாவின் புருஷன். நான் கல்யாணமாகி வந்தபோது முன்பல் விழுந்த பிள்ளை, என் கையால் சோறு தின்றவன். இப்போது நடுவில் ஒரு திரை. திரைகூடப் பரவாயில்லை. அண்ணனை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் பேச்சையே அவன் எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். சபியாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

முஹர்ரம் வருகிறது. இன்னும் நாலைந்து நாளில் பிறை.

முதல் வருஷம் ஞாபகம் வருகிறது. கல்யாணமாகி நாலு மாதம். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் முஹர்ரத்துக்குப் பஞ்சா ஊர்வலம் எடுப்பதில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. இதே சன்னல். சந்து முழுக்க இருட்டு, தீவட்டி வெளிச்சம் மட்டும். தாசா மேளம் காதை அடைக்கிறது. திடீரென்று ஒரு புலி சன்னலுக்குக் கீழே வந்து நின்று என்னையே பார்த்து உறுமியது. மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி, பின்னால் வால். பயந்து உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அரைமணி கழித்து அந்தப் புலி மாடிப்படி ஏறி வந்து "தண்ணி குடு ஜுலைகா" என்றது.

ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை மனுஷன். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்தும் கழுத்து மஞ்சள் போகவில்லை. அந்த மஞ்சளோடுதான் ஒரு வாரம் கடையில் துணி கிழித்தார். 

மூத்தவள் பிறந்த பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டார். "புள்ளைக்குத் தகப்பன் புலியா இருந்தா நல்லாவா இருக்கு" என்றார். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். சொல்லவில்லை.

16 ஜூலை, புதன்

சந்துக் கோடியில், கடைவீதி முனையில், பஞ்சா வைக்கிற இடத்துக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. பிளக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. வருஷா வருஷம் தாபூத்துக் கட்டுகிற பாவா சாயபு குரலும் கேட்கிறது. இந்த வயதிலும் என்ன குரல்.

தாபூத்து என்றால் மூங்கில், வண்ணக் காகிதம், கண்ணாடித் துண்டு வைத்துக் கட்டுகிற மாடம். கர்பலாவில் தாகத்தோடு உயிர்விட்டவர்கள் அடங்கிய கபுருக்கு அடையாளம். பத்தாம் நாளுக்கு முந்தின மாலை சந்து சந்தாகத் தோளில் வரும். அந்த வருஷம் எந்த வீட்டில் மௌத் விழுந்ததோ அந்த வீட்டு வாசலில் நிற்கும். தூக்குகிறவர்களுக்கு அந்த வீட்டில் சர்பத். அந்த வீட்டு ஆள் பேர் சொல்லி ஒரு பாத்திஹா ஓதுவார்கள். பிறகு நகரும். யார் ஏற்படுத்தியதோ தெரியாது. எங்கள் பள்ளிவாசல் இமாமுக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அந்தச் சமயம் பார்த்து ஊருக்குப் போய்விடுவார்.

இந்த வருஷம் எங்கள் சந்தில் ஒரே ஒரு வாசல்தான். எங்கள் வாசல்.

சர்பத்துக்கு: சீனி, எலுமிச்சை, சப்ஜா விதை, பன்னீர். பெரிய தேக்சாப் பாத்திரம் சின்னம்மா வீட்டில் இருக்கிறது, கேட்கணும். வடிகட்டத் துணி.

18 ஜூலை, வெள்ளி

பிறை தெரிந்தது. நான் பார்க்கவில்லை, மேகம். சபியா மொட்டைமாடியில் நின்று பார்த்தாளாம், நகம் மாதிரி.

இஷா தொழுகைக்குப் பிறகு சந்து ஆண்கள் எல்லாம் கூடிப் பேசியிருக்கிறார்கள். ரஜாக் வந்து செருப்பை எறிந்தான், படீரென்று சத்தம். சாப்பிடவில்லை. "தாபூத்து இந்த வருஷம் நம்ம சந்துக்கு வராது" என்று சபியாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான்.

ஏன் என்று காலையில்தான் கேட்கணும். தூக்கம் பிடிக்கவில்லை.

19 ஜூலை, சனி

சபியா எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

சந்து வளைகிற இடத்தில் லைட்டுக் கம்பி குறுக்கே போகிறது. ஒரு கம்பத்திலிருந்து எதிர்ச்சுவர்க் கம்பத்துக்கு. தாபூத்தைத் தோளில் வைத்தால் அதன் உச்சியில் இருக்கிற குப்பா கம்பியில் இடிக்கும். பாவா சாயபு மூங்கில் நட்டு அளந்தே காட்டியிருக்கிறார். ஆகவே கடைவீதி வழியாக நேரே ஆற்றுக்குப் போவது, எங்கள் சந்தை விட்டுவிடுவது. குப்பாவைக் குறைக்கலாமே என்று ஒருவர் கேட்டாராம். பாவா சாயபு, "எங்க அத்தா கட்டுன உசரம். நான் இருக்கற வரைக்கும் அதுதான்" என்று எழுந்துவிட்டார்.

இதுவரை சரி. அதற்குப் பிறகு சைக்கிள் கடை ஹனீபா பேசியிருக்கிறார். அவர்தான் ஊர்வலத்தில் முன்னால் நின்று மர்சியா என்கிற இரங்கல் பாட்டுப் பாடுகிறவர். சபியா சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

"காதர் பாய் லைட்டு லைட்டுன்னு அலைஞ்சாரு. இப்பப் பாருங்க, பஞ்சாவுக்கே வழியை அடைச்சுட்டுப் போயிட்டாரு."

யாரோ சிரித்தார்களாம்.

ரஜாக் எழுந்து, "இனிமே தாபூத்துக்கு என் தோளு கிடையாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வருஷா வருஷம் முன்வரிசை, வலதுபக்கம் அவன் தோள்.

மத்தியானம் சமைக்கவே கை ஓடவில்லை. ஹனீபாவின் தாயார் இருட்டில் சாக்கடைப் பள்ளத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்தது இந்தச் சந்தில்தான். அன்றைக்கு அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது எங்கள் வீட்டுக்காரர்தான். மறுநாள்தான் முதல் மனு. ஹனீபாவுக்கு அது மறந்துவிட்டதா? சிரித்தவர்களுக்குமா?

அழுகை வரவில்லை. கோபம்தான். நல்லது, கோபம் வந்தே ரொம்ப நாளாகிறது.

20 ஜூலை, ஞாயிறு

கடை லீவு. ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கசாமி அய்யங்கார் வந்தார். எங்கள் வீட்டுக்காரரோடு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை, இருபது வருஷம். அய்யங்கார் வீட்டில் எப்போதோ ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய் வேண்டிக்கொண்டார்களாம். அதிலிருந்து ஒவ்வொரு முஹர்ரத்துக்கும் தாபூத்துக்கு ஒரு மருக்கொழுந்து மாலை அவர் கையால் வரும். இந்த வருஷம் எந்த நேரத்துக்குக் கொண்டுவரலாம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். உட்காரவே இல்லை.

"காதர் பாய் இல்லாத ஆத்துல வந்து நிக்கறதுக்கே என்னமோ மாதிரி இருக்கும்மா. கடையில அந்த மேஜைப் பக்கம் நான் திரும்பறதே இல்லை."

படிக்கட்டில் திரைக்குப் பின்னால் நான். நானே பேசினேன். தாபூத்து வராது, மாலை வேண்டியிருக்காது என்றேன். காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஹனீபா சொன்னது உட்பட.  

"மூணு வருஷம் அந்த மனுஷன் அலைஞ்சதுக்கு நான்தான் சாட்சி. மத்தியானம் நாங்க எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். அவர் குடையை எடுத்துண்டு கிளம்பிடுவார். இங்கிலீஷ்ல மனு எழுதினது என் கை. வெயில்ல நடந்தது அவர் கால். இன்னும் ஒரு மனு எழுதறேன். என்ன எழுதணும், சொல்லுங்கோ."

என்ன எழுதுவது? கம்பியை எடுத்துவிடுங்கள் என்று எழுதினால் அவர் அலைந்ததற்கு என்ன அர்த்தம். கம்பியும் இருக்கணும், தாபூத்தும் வரணும். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதையே சொன்னேன்.

"அப்படியே எழுதிடறேன்" என்றார். நாளைக்குக் கடைக்குப் போகும் வழியில் மின்சார ஆபீஸில் கொடுப்பதாகச் சொன்னார்.

காபி கொடுத்தனுப்பினேன். குடிக்க மாட்டார் என்று தெரியும், ஆசாரம். ஆனால் கொடுக்காமல் இருக்க முடியுமா. இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார். அவர் இருந்தபோதும் இப்படித்தான்.

22 ஜூலை, செவ்வாய்

காற்று கொஞ்சம் தணிவு.

லைன்மேன் வந்தார். பேர் ஆரோக்கியசாமி, பாலக்கரை. ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டுச் சந்து வளைவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் தட்டிக்குப் பின்னால். கேள்வி நான் கேட்க, சபியா வாசலில் நின்று அதை உரக்கச் சொல்ல, அவர் பதில் சொல்ல, பதில் எனக்கு நேராகவே கேட்க. ஆனாலும் சபியா திரும்ப ஒருமுறை மேலே பார்த்துச் சொன்னாள். சிரிப்புத்தான்.

"கம்பியை அவுக்க முடியாதுங்க. அதுக்குப் பெரிய ஆபீஸ் வரைக்கும் போவணும். ஆனா தூக்கலாம். இந்தா, தொங்கல் இருக்குல்ல? லைனை அணைச்சுட்டா அது வெறுங் கயிறு மாதிரிதாங்க. காஞ்ச மூங்கில்ல கவட்டை வெச்சு ரெண்டு ஆளு தூக்கிப் புடிச்சா உங்க தேரு கீழ நுழைஞ்சிரும்."

தேர் இல்லை, தாபூத்து என்றாள் சபியா.

"அதாங்க. எங்க மாதா சப்பரத்துக்கும் இப்படித்தான் தூக்குறோம். பெரிய ஐயா ஒரு மணி நேரம் அணைச்சுக்கிடலாம்னு சொன்னாருன்னா நானே நிக்கிறேன்."

ஒரு மணி நேரம் சந்து இருட்டாக இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டார்.

பரவாயில்லையாவா!

24 ஜூலை, வியாழன்

அனுமதி கிடைத்துவிட்டது. ரெ. அய்யங்கார் கடைப் பையனிடம் சொல்லியனுப்பினார். ஞாயிறு மாலை மகரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம். 

சபியாவைப் பாவா சாயபுவிடம் அனுப்பினேன். உயரத்தை ஒரு விரற்கடைகூடக் குறைக்க வேண்டாம், கம்பியைத் தூக்க ஆள் வருகிறார், எப்போதும் போலச் சந்துக்குள் வாருங்கள் என்று. பாவா சாயபு பசைக்கையோடு எழுந்தே வந்துவிட்டார். வாசலில் நின்று மேலே பார்த்துச் சத்தமாக, சந்து முழுக்கக் கேட்கும்படி: "காதர் பொண்டாட்டி சொல்லிட்டா. தாபூத்து வருது!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாலையில் ரஜாக்கைத் திரைக்குக் கூப்பிட்டேன். தோள் கொடு தம்பி என்றேன்.

"வேணாம் அண்ணி."

"ஹனீபா சொன்னதுக்கா?"

"அவன் வாயில அண்ணன் பேரு வந்துச்சு. சிரிச்சானுங்க. நான் அவனுங்களோட ஒண்ணா நின்னு தூக்க மாட்டேன்."

"சரி. தூக்க வேணாம்."

போகவில்லை, நின்றுகொண்டே இருந்தான். திரைக்குக் கீழே அவன் பாதம் மட்டும் தெரிகிறது. நடக்கும்போது அண்ணன் மாதிரியே பெருவிரல் வெளிப்பக்கம் திரும்பும். இத்தனை நாள் கவனித்ததில்லை. அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

26 ஜூலை, சனி

எலுமிச்சை வந்துவிட்டது. பன்னீர் நல்ல பன்னீர் இல்லை, திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். சின்னம்மா வீட்டுத் தேக்சா ஓட்டை! ஈயம் பூசுகிறவரைத் தேடி சபியா அலைகிறாள். சின்னதாக இரண்டு போதும்.

சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே யோசனை: அந்த ஒரு மணி நேரம் ஒவ்வொரு சன்னலிலும் ஒரு விளக்கு வைக்கணும். ஒருத்தி சொன்னாள், "லைட்டு வந்ததிலேருந்து எங்க வீட்டு அரிக்கேன் எங்க கிடக்குன்னே தெரியலக்கா." இன்னொருத்தி, "இருட்டுல பாக்கணும் அக்கா அதை. லைட்டுல என்ன இருக்கு?"

நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் காலத்துத் தாபூத்து இருட்டிலிருந்து வரும். முதலில் மேளம். பிறகு தீவட்டி எண்ணெய் வாசம். பிறகு வளைவில் ஒரு மினுக்கல், கண்ணாடித் துண்டுகள் மேல். அப்புறம்தான் முழுசும் தெரியும், தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும். தூக்குகிறவர்கள் முகமே தெரியாது, தானாக மிதந்து வருகிற மாதிரி. பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினால் மூச்சுவிடாது. மாமியார் இருந்தார்கள், நாத்தனார்கள் இருந்தார்கள், இந்தச் சன்னலில் இடம் கிடைக்காது. என்னை நசுக்குவார்கள். இப்போது சன்னல் முழுசும் எனக்குத்தான்.

காற்று மறுபடி. விளக்கு நிற்குமா?

27 ஜூலை, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். கை இன்னும் பன்னீர் வாசம்.

நோன்பு வைத்திருந்தேன். திறந்து, தொழுது, தட்டிக்கு வந்தபோது லைட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆரோக்கியசாமி கம்பத்தில் ஏறினார். பட்டென்று சந்து அணைந்தது. பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்று கத்தினார்கள். பிறகு ஒவ்வொரு சன்னலாக விளக்கு. காற்றுக்குக் கையைக் குவித்துக்கொண்டு பெண்கள். எதிர்வீட்டில் மூன்று முறை அணைந்தது, மூன்று முறை ஏற்றினாள்.

மேளம் கேட்டது. கம்பு சுற்றுகிறவர்கள் முதலில், பிறகு இரண்டு புலிகள், பிறகு பச்சைத் துணி சுற்றின பஞ்சாக்கள், கழிமேல் வெள்ளிக்கை. ஹனீபா முன்னால் பாடிக்கொண்டு. அந்த ஆள்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் குரலைச் சொல்லணும். தண்ணீர் கேட்டு அழுகிற பிள்ளையைப் பற்றின இடம் வரும்போது சந்தில் ஒரு இருமல்கூட இல்லை.

வளைவில் தாபூத்து நின்றுவிட்டது. கம்பிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒரு பக்கம் ஆரோக்கியசாமி கவட்டையோடு தயார். மறுபக்கம் வருவதாகச் சொன்ன அவருடைய உதவியாள் வரவில்லை. "யாராச்சும் வாங்கய்யா" என்கிறார். யாரும் அசையவில்லை. மின்சாரக் கம்பி என்றால் பயம், அணைத்திருந்தாலும் பயம். 

எங்கள் வாசற்கதவு திறந்தது. கீழே ரஜாக்.

"குடுங்க. எங்க அண்ணன் கம்பியை நான் புடிக்கிறேன்."

நன்றாகக் கேட்டது எனக்கு. அண்ணன் என்று சொல்லிவிட்டான்.

இரண்டு பேரும் கவட்டையை வைத்துக் கம்பியைத் தூக்கினார்கள். காற்றில் கம்பி ஆடுகிறது, மூங்கில் வளைகிறது, ரஜாக்கின் கை இரண்டும் தலைக்கு மேலே. "தாழ்த்தி வாங்க... மெல்ல... முன்னால குனியாதீங்க..." பாவா சாயபு பின்னால் நடந்துகொண்டே குப்பாவை மட்டும் பார்க்கிறார். ஹனீபா பாடுவதை நிறுத்திவிட்டுத் தானே முன்வரிசையில் வலதுபக்கம் தோள் கொடுத்தார். அது ரஜாக்கின் இடம். தாபூத்து நுழைந்தது. குப்பாவுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு கை நுழையுமோ நுழையாதோ. 

வந்து எங்கள் வாசலில் நின்றது. சபியாவும் சின்னம்மாவும் சர்பத் கொடுத்தார்கள். அய்யங்கார் கூட்டத்தோடு நின்று மாலையை நீட்டினார், யாரோ வாங்கிச் சாத்தினார்கள். மருக்கொழுந்து வாசம் மாடி வரை. சன்னல் விளக்குகளில் காகிதமெல்லாம் பொன்னாகத் தெரிந்தது. எல்லாம் அந்தக் காலம் மாதிரியே, முதல் வருஷம் மாதிரியே. மாமியார் முழங்கை விலாவில் இடிக்கிற மாதிரிகூட இருந்தது. இப்படியே கொஞ்சம் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அப்போது லைட்டு வந்துவிட்டது.

கம்பியை இறக்கிவிட்டார்கள், நேரமும் ஆகிவிட்டது, ஆரோக்கியசாமி போட்டுவிட்டார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர் வாங்கிய லைட்டு, அதன்மேல் கோபம். கண் கூசியது. விளக்குகள் எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டன.

பிறகு பார்த்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாபூத்தை முழுசாக. பாவா சாயபு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகப் பூ வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றும் ஒரு நிறம். இருட்டில் யாருக்கும் தெரியாத பூ, இத்தனை வருஷமும் வரைந்திருப்பார் போல. கீழே தூக்குகிறவர்கள் முகம். எல்லாம் தெரிந்த முகம், ஆனால் எவ்வளவு வயதாகிவிட்டது. வேர்வை. தோள்பட்டை வீங்கியிருக்கிறது. தானாக மிதந்தெல்லாம் வரவில்லை அது.

கூட்டமும் லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.  ஹனீபா தோளை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

"எங்கம்மாவைத் தூக்கிட்டு ஓடுன மனுஷன். நான் பேசுனது தப்பு. எல்லாரும் காதர் பாய்க்கு ஒரு பாத்திஹா ஓதுங்க."

ஓதினார்கள். ரஜாக் கவட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றான். அந்த வெளிச்சத்தில் எதுவும் மறைக்க முடியாது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான். அடக்கம் செய்த அன்று அழாதவன்.

நானும்தான்.

28 ஜூலை, திங்கள்

தலைவலி. ஆனால் மனசு லேசு.

தாபூத்து காலையில் ஆற்றுக்குப் போனது. ரஜாக் போனான், யாரும் சொல்லவில்லை, தானாகவே. தோளுக்குத் துண்டு மடித்துப் போட்டுக்கொண்டு போனதாக சபியா சொன்னாள். 

அய்யங்கார் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய பானகம் வந்திருக்கிறது. நோன்பு திறக்க வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். பானகம் அவர் வீட்டில் செய்தால் தனி. சுக்கு ஜாஸ்தி.

ரஜாக் மத்தியானம் வந்தான். வேட்டியெல்லாம் நனைந்து சொட்டச் சொட்ட. காவிரியில் புதுத்தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறதாம். ஓடத்துறைப் படிக்கட்டில் பாதி மூழ்கிவிட்டது. தாபூத்தை இறக்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்ரீரங்கம் பக்கம் பார்த்துத் திரும்பி, பிறகு அமிழ்ந்ததாம். பாவா சாயபு கடைசிக் காகிதம் போகிற வரை நின்றாராம்.

துணி மாற்றிவிட்டு, சாப்பிடாமல், திரைக்கு அந்தப் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"தண்ணியைப் பாத்ததும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு அண்ணி. அண்ணனோட தொப்பியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சுல்ல, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. கல்யாணமாகி முதல் வருஷமோ இரண்டாவது வருஷமோ. தலையில் தொப்பி இல்லாமல் வந்து நின்றார். மாமனார் என்ன ஆச்சு என்று அதட்ட, கடைவீதியில் காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது என்றார். மாமனார் அதற்கப்புறம் சாகிற வரை காக்காவைக் கண்டால் தலையைப் பிடித்துக்கொள்வார்.

"காக்காவெல்லாம் இல்லை அண்ணி. என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு, அத்தாவுக்குத் தெரியாம, ஸ்ரீரங்கத்துல யானை குளிக்கிறதைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனாங்க. படித்துறையில யானை ஒரு வீசு வீசுச்சு பாருங்க தண்ணியை, தொப்பி ஆத்தோட போயிருச்சு. நான் அழுதேன், அத்தா அடிப்பாங்கன்னு. அழாதடா, காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிக்குவோம்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணேன்."

முப்பது வருஷமாக நானும் காக்கா என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன்! எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாவில் இருக்கிறவள் இப்படிச் சிரிக்கலாமா தெரியவில்லை, நிறுத்த முடியவில்லை. அந்தப் பக்கம் ரஜாக், அடுப்படியில் சபியா. சோறு ஆறிப்போய்விட்டது.

அஸர் தொழ மேலே வந்தேன். தொழுதுவிட்டு, மறப்பதற்குள் இதை எழுதுகிறேன். கீழே அவன் இன்னும் சபியாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏதோ ஒரு மாட்டுவண்டி, ஒரு பலாப்பழம், அண்ணன், அண்ணன் என்று குரல் வருகிறது. இதுவும் எனக்குத் தெரியாத கதை.

"அண்ணி, கீழ வாங்களேன், இன்னும் இருக்கு."

கூப்பிடுகிறான். போகணும்.